பழைய பிரௌனிங் ஆட்டோ-5: வீட்டில் எதுவரை கை வைக்கலாம்?

ஏரிக்கரை எழுதியது:

வணக்கம். அமெரிக்காவில் விஸ்கான்சினில் இருக்கிறேன். வாத்து வேட்டைக்குப் போகும் பெரியவர் ஒருவரிடமிருந்து பிரௌனிங் ஆட்டோ-5 என்ற பழைய செமி-ஆட்டோ ஷாட்கன் ஒன்று, 12 கேஜ் (குழல் துளையின் அளவு), கடை மூலமாக முறைப்படி என் கைக்கு வந்திருக்கிறது. குழலில் பெல்ஜியத்தில் செய்தது என்று பொறித்திருக்கிறது. 1950களில் வாங்கியது என்று அவர் சொன்னார்.

நிலைமை இதுதான்: ரிசீவரின் (இயங்கும் பாகங்கள் இருக்கும் இரும்புக் கூடு) இடப்பக்கம் பழுப்பாகத் துரு, குழலின் மேல் அங்கங்கே புள்ளி புள்ளியாகத் துரு. குழலுக்கு அடியில் கை பிடிக்கும் முன்கட்டையில் மயிரிழை போல ஒரு விரிசல். பின்கட்டையின் வார்னிஷ் உரிந்துபோய், ரிசீவரை ஒட்டிய இடத்தில் மரமே எண்ணெய் குடித்துக் கறுத்துவிட்டது. குழலின் பின்வாயை மூடும் போல்ட்டை இழுத்தால் ஏதோ பசையில் மாட்டிக்கொண்ட மாதிரி மெதுவாகத் திரும்புகிறது. இரும்புக்குக் கறுநீல நிறம் ஏற்றும் குளிர் புளூயிங் திரவம் ஒரு பாட்டிலும் 220 நம்பர் சாண்ட்பேப்பரும் வாங்கி வைத்திருக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்? இதை அலமாரியில் வைக்கப் போவதில்லை, வேட்டைக்குக் கொண்டு போக வேண்டும்.

---

பட்டறை எழுதியது:

தம்பி, அந்த சாண்ட்பேப்பரை முதலில் வேறு அறையில் வையுங்கள். இந்தத் துப்பாக்கியை மீட்பது என்றால் பளபளப்பாக்குவது இல்லை. ஸ்பிரிங், வளையங்கள், திருகுகள், மரம், கடைசியாகத்தான் நிறம். இந்த வரிசையில் போனால், பாதி தூரத்திலேயே நிறத்தில் கைவைக்கத் தேவையில்லை என்று உங்களுக்கே தோன்ற வாய்ப்பு அதிகம்.

ஆரம்பிக்கும் முன் குழலின் அறை, மேகசின் குழாய், தோட்டாவைத் தூக்கிக்கொடுக்கும் கேரியர், மூன்றிலும் ஒன்றுமில்லை என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். இந்த மாடலில் மேகசினுக்கு ஒரு கட்-ஆஃப் இருக்கிறது, அது போட்டிருந்தால் போல்ட்டை எத்தனை தடவை இழுத்தாலும் மேகசினில் இருக்கும் தோட்டா வெளியே வராது, காலி என்று நினைத்துவிடுவீர்கள். வேலை நடக்கும் மேஜைக்கு நிஜத் தோட்டா வரவே கூடாது. சோதனைக்கு டம்மி தோட்டா மட்டும்.

அடுத்து, இது எப்படி வேலை செய்கிறது என்று புரிந்துகொள்ளாமல் ஒரு திருகைக்கூடத் தொடாதீர்கள். இன்றைய செமி-ஆட்டோ ஷாட்கன்கள் பலவற்றில் குழல் அசையாது, வாயுவோ வேறு ஏதோ போல்ட்டைத் தள்ளும். இதில் சுட்டதும் குழலும் போல்ட்டும் ஒன்றோடொன்று பூட்டியபடியே முழுத் தூரமும் பின்னால் போகும். அங்கே போல்ட் நின்றுகொள்ளும், குழல் மட்டும் பூட்டு விலகி முன்னால் ஓடும். அந்த ஓட்டத்தில்தான் காலித் தோட்டா வெளியே விழும். பிறகு புதுத் தோட்டா கேரியரில் ஏறியதும் போல்ட் முன்னால் பாயும். குழலைத் திருப்பி அனுப்புவது மேகசின் குழாயைச் சுற்றியிருக்கும் பெரிய ஸ்பிரிங். போல்ட்டைத் திருப்பி அனுப்புவது பின்கட்டைக்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு ஸ்பிரிங். உங்கள் போல்ட் மெதுவாக வருகிறது என்றால் அந்த இரண்டாவது ஸ்பிரிங் இருக்கும் குழாயில் பல வருட எண்ணெய் கெட்டியாகிக் கிடக்கிறது என்றே நான் நினைக்கிறேன். துருவும் இருக்கலாம்.

முன்கட்டை விரிசலுக்கும் காரணம் இந்த அமைப்பிலேயே இருக்கலாம். மேகசின் மூடியைக் கழற்றி முன்கட்டையையும் குழலையும் எடுத்ததும், குழாயின் மேல் வளையங்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்று எதையும் நகர்த்துவதற்கு முன் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

---

ஏரிக்கரை எழுதியது:

அண்ணா, கழற்றிப் பார்த்தேன். ரிசீவரிலிருந்து முன்பக்கமாகச் சொல்கிறேன்: முதலில் ஒரு எஃகு வளையம், அப்புறம் ஸ்பிரிங், அதன் மேல் பிளவுள்ள வெண்கலத் துண்டு. குழாய் முழுக்க எண்ணெய் வழிகிறது. பெரியவர் இதில் கனமான வாத்துத் தோட்டாதான் சுடுவார் என்று அவர் மகன் சொல்கிறார்.

---

பட்டறை எழுதியது:

அப்படியானால் விரிசலுக்கு இதைவிட வேறு காரணம் தேட வேண்டாம். நீங்கள் சொன்ன வரிசை லேசான தோட்டாவுக்கானது. கனமான தோட்டா சுடும்போது அந்த எஃகு வளையம் ஸ்பிரிங்கின் முன்பக்கம் வர வேண்டும்: ரிசீவர், ஸ்பிரிங், எஃகு வளையம், வெண்கலத் துண்டு, அப்புறம் குழலோடு சேர்ந்திருக்கும் வளையம். எஃகு வளையத்தின் உட்பக்கம் ஒரு முகம் சரிவாக இருக்கும், அந்தச் சரிவு வெண்கலத்தைப் பார்த்தபடி இருக்க வேண்டும்.

குழல் பின்னால் வரும்போது வெண்கலத் துண்டை அந்தச் சரிவுக்குள் அழுத்தும், பிளவுள்ள வெண்கலம் சுருங்கி மேகசின் குழாயை இறுக்கிப் பிடிக்கும். அதுதான் பிரேக். வளையம் பின்னால் கிடந்தால் அந்தப் பிடிப்பு குறைந்துவிடும், அதற்கு மேல் குழாயில் எண்ணெயும் வழிந்தால் பிரேக்கே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். கனமான தோட்டாவின் உதை முழுவதும் ரிசீவரிலும் மரத்திலும்தான் போய் இடிக்கும். முன்கட்டை பிளக்கும், பின்கட்டை ரிசீவருக்குப் பின்னால் விரியும், தோளும் வலிக்கும். நேர்மாறாக, கனத் தோட்டாவுக்கான வரிசையில் லேசான தோட்டாவைப் போட்டால் குழல் முழுத் தூரம் போகாது, காலித் தோட்டா மாட்டிக்கொள்ளும். பலர் அதைப் பார்த்து எண்ணெய் குறைவு என்று நினைத்து இன்னும் ஊற்றுவார்கள். குழாயை நன்றாகத் துடைத்து, எண்ணெய்த் துணியால் ஒரு தடவு தடவினால் போதும். கையில் ஈரம் தெரியக் கூடாது.

12 கேஜ் மேக்னம் மாடலில் வெண்கலத் துண்டு இரண்டு இருக்கும், உங்களுடையது சாதாரண 12 என்பதால் ஒன்று. இந்த வளையங்களை மாற்றி வைக்கும் ஏற்பாட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மனிதர் மேல் மரியாதை கூடுகிறது. ஜான் பிரௌனிங் இதை 1890களின் கடைசியில் வடிவமைத்தபோது கடையில் கரும்புகை மருந்துத் தோட்டாவும் இருந்தது, புகையில்லா மருந்துத் தோட்டாவும் இருந்தது. எது வந்தாலும் ஓட வேண்டும் என்று ஒரு வளையத்தில் முடித்துவிட்டார்.

பெரிய ஸ்பிரிங்கைக் கழற்றியபடியே வைத்து, புது ஸ்பிரிங் ஒன்றின் நீளத்தோடு ஒப்பிடுங்கள். பழையது குட்டையாகத் தெரிந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள், விலை குறைவுதான்.

---

பழங்கணக்கு எழுதியது:

வரலாறு வந்ததால் நானும் சேர்ந்துகொள்கிறேன். பிரௌனிங் முதலில் வின்செஸ்டர் துப்பாக்கி நிறுவனத்திடம்தான் போனார். அவர்கள் பல வருடமாக அவருடைய வடிவமைப்புகளை மொத்த விலைக்கு வாங்கி வந்தவர்கள். இந்தத் தடவை ராயல்டி கேட்டார், மறுத்துவிட்டார்கள். அடுத்து இன்னொரு துப்பாக்கி நிறுவனமான ரெமிங்டன். அதன் தலைவர் மார்செல்லஸ் ஹார்ட்லியைப் பார்க்கப் போன அன்றே, 1902 ஜனவரியில், ஹார்ட்லி மாரடைப்பில் இறந்துவிட்டார். அதன்பின் கப்பலேறி பெல்ஜியத்தில் லியேஜ் பக்கத்திலுள்ள ஹெர்ஸ்தாலுக்குப் போய் எஃப்.என். தொழிற்சாலையோடு ஒப்பந்தம் போட்டார். 1926 நவம்பரில் அவர் இறந்ததும் லியேஜில்தான்.

ரெமிங்டன் பிற்பாடு உரிமம் வாங்கி 1905 முதல் இதையே தயாரித்தது, மாடல் 11 என்று பெயர். 1940இல் ஜெர்மனி பெல்ஜியத்தைப் பிடித்ததும் பிரௌனிங் நிறுவனத்துக்கே ரெமிங்டன்தான் செய்து கொடுத்தது. 1970களின் நடுவில் தயாரிப்பு ஜப்பானின் மிரோகுவுக்குப் போனது. இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம் உதிரிபாகம். பார்க்க ஒரே மாதிரி முதுகு, ஒரே மாதிரி குழல். ஆனால் ரெமிங்டன் பாகம் பெல்ஜியத் துப்பாக்கியில் அப்படியே உட்காரும் என்று நம்பி வாங்காதீர்கள். அந்த கட்-ஆஃப்கூட மாடல் 11இல் கிடையாது.

உங்கள் குழலில் லியேஜ் சோதனைச் சாலை முத்திரைகள் இருக்கும். முட்டை வடிவத்துக்குள் மூன்று எழுத்து, மேலே கிரீடம், பக்கத்தில் ஒரு தூண் போன்ற சின்னம். சோக் (குழல் முனையின் குறுகல்) அளவும் நட்சத்திரக் குறியில்தான்: ஒரு நட்சத்திரம் ஃபுல், இரண்டு மாடிஃபைடு, மூன்று சிலிண்டர். 220 நம்பர் சாண்ட்பேப்பர் முதலில் சாப்பிடுவது இவற்றைத்தான். எழுத்துகளின் ஓரம் மழுங்கிப்போன ரிசீவரைப் பார்த்தால், எவ்வளவு ஆழமான புளூயிங் மேலே இருந்தாலும் எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். சேகரிப்பவர்களும் அதற்கு விலை குறைத்துத்தான் கேட்பார்கள். வரிசை எண் இருக்கும் இடத்தில் அரத்தையோ தாளையோ கொண்டுபோகவே கூடாது, அந்த எண் அழிந்த துப்பாக்கியை வைத்திருப்பதே அங்கே குற்றம்.

---

குளிர்காலம் எழுதியது:

நான் கொஞ்சம் மாற்றுக் கருத்து சொல்கிறேன். அவர் வேட்டைக்கு எடுத்துப் போகப் போகிறார். லட்சக்கணக்கில் செய்த துப்பாக்கி இது, அருங்காட்சியகப் பொருள் இல்லை. சதுப்பில், மழையில், பனியில் நிற்கப் போகும் இரும்புக்குப் பாதுகாப்பு வேண்டாமா? நல்ல ஆளிடம் கொடுத்து முழுவதும் புளூயிங் செய்துவிட்டால் இன்னும் 50 வருடம் ஓடும். விலை குறையுமே என்று துருவோடு வைத்திருப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

---

பட்டறை எழுதியது:

துருவோடு வைக்கச் சொல்லவில்லை சார். துருவை எடுக்க வேண்டும், அதோடு பழைய புளூயிங்கை எடுக்க வேண்டியதில்லை. இரண்டும் வேறு வேறு வேலை.

கறுப்பு நீலமாகத் தெரியும் அந்தப் படலமும் ஒருவகை இரும்பு ஆக்சைடுதான். சிவப்புத் துருவைக் கொதிக்கும் நீரில் போட்டால் அது கறுப்பு ஆக்சைடாக மாறும், பழைய துப்பாக்கி வேலைக்காரர்கள் ரஸ்ட் புளூயிங் என்று செய்வதே இந்த அடிப்படையில்தான். ஆகவே லேசான துருவுக்கு நான் செய்வது: குழலை மட்டும் தனியாக எடுத்து, அசிட்டோனால் எண்ணெய்ப்பசை போகத் துடைத்து, நீளமான தொட்டியில் காய்ச்சி வடித்த நீரில் சுமார் 20 நிமிடம் கொதிக்க விடுவேன். குழாய்த் தண்ணீர் வேண்டாம், உப்புக் கறை படியும். வெளியே எடுத்தால் பழுப்பு இடங்கள் கறுத்து, வெல்வெட் மாதிரி ஒரு பொடி மேலே இருக்கும். எண்ணெய் நீக்கிய மிக நுண்ணிய எஃகுக் கம்பளியால் அழுத்தாமல் தேய்த்தால் பொடி போய்விடும், அடியில் கறுப்பு நிற்கும். உடனே எண்ணெய் பூச வேண்டும். பள்ளம் விழுந்த இடம் பள்ளமாகத்தான் இருக்கும், ஆனால் துரு நின்றுவிடும். சுற்றியிருக்கும் பழைய நிறம் அப்படியே இருக்கும்.

ரிசீவரையும் இப்படிக் கொதிக்க வைக்கலாம், ஆனால் அதற்கு உள்ளே இருப்பது அத்தனையும் வெளியே வந்திருக்க வேண்டும். முதல் தடவை செய்பவருக்கு அது வேண்டாம். எண்ணெயில் ஊறவிட்டு, வெண்கலக் கம்பளியால் மெதுவாகத் தேய்த்தாலே பெரும்பாலும் போதும்.

குளிர்காலம் சொன்ன முழுப் புளூயிங்கிலும் ஒரு கவனம் வேண்டும். கடைகளில் பொதுவாகச் செய்வது காரத் தொட்டியில் முக்கி எடுக்கும் சூடான முறை. குழலின் மேல் ஈயப்பற்று வைத்து ஒட்டிய ரிப் (குறிபார்க்க உதவும் நீளப் பட்டை) இருந்தால் அந்தக் காரம் பற்றைத் தின்றுவிடும். ரிப் உள்ள குழலுக்கு ரஸ்ட் புளூயிங் செய்யும் ஆளாகத் தேடுங்கள், நேரமும் பணமும் கூடுதலாகும். பாட்டிலில் வரும் குளிர் புளூயிங் திருகுத் தலை, கீறல் போன்ற சின்ன இடங்களுக்குச் சரி. ரிசீவர் முழுக்கப் பூசினால் திட்டுத்திட்டாக நிற்கும், கை பட்டுப் பட்டுச் சீக்கிரம் போய்விடும்.

---

வால்நட் எழுதியது:

மரத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துப்பாக்கியில் இரும்பைவிட மரம்தான் அதிகம் அடிவாங்குகிறது.

பின்கட்டையைக் கழற்றும்போது அதைப் பிடித்திருக்கும் நீளத் திருகை எடுத்துவிட்டு நேராகப் பின்னால் இழுக்க வேண்டும். திருகவோ பக்கவாட்டில் ஆட்டவோ கூடாது, ரிசீவரை ஒட்டிய மெல்லிய மர ஓரம் சில்லாகப் பெயர்ந்துவிடும். வரவில்லையென்றால் கொஞ்ச நேரம் வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிட்டு மறுபடி முயலுங்கள். கட்டை வந்த பிறகுதான் ட்ரிகர் பகுதி.

எண்ணெய் குடித்த இடத்துக்குச் சுண்ணக்கட்டிப் பொடியை அசிட்டோனில் கூழாகக் குழைத்துப் பூசிக் காயவிடுங்கள். காய்ந்த பொடி எண்ணெயை இழுத்து மஞ்சளாகும், தட்டிவிட்டு மறுபடி பூசுங்கள். பொடி வெள்ளையாகவே நிற்கும்வரை பொறுமை வேண்டும். கதவு ஜன்னலைத் திறந்து வையுங்கள், பக்கத்தில் அடுப்போ ஹீட்டரோ இருக்கக் கூடாது. எண்ணெய் போகாமல் எந்தப் பசையும் அந்த மரத்தில் ஒட்டாது, அதனால் இதை அவசரப்படுத்தினால் விரிசல் வேலை வீண்.

முன்கட்டை விரிசலுக்கு, வெளியே ஒன்றும் செய்யாதீர்கள். விரிசலை லேசாக விரித்துப் பிடித்து எபாக்சியை உள்ளே இறங்கவிட்டு, ரப்பர் பட்டையால் சுற்றிக் கட்டுங்கள். காய்ந்த பிறகு உட்பக்கத்தில் மெல்லிய கண்ணாடி இழைத் துணியை அதே எபாக்சியில் ஒட்டினால் பழையதைவிட உறுதி. ஆனால் உள்ளே தடிப்பு கூடி ஸ்பிரிங்கோ குழல் வளையமோ உரசக் கூடாது, மாட்டிப் பார்த்துக்கொண்டே வேலை செய்யுங்கள். வளைய வரிசையைச் சரிசெய்யாமல் இதை ஒட்டிப் பயனில்லை, முதல் சீசனிலேயே மறுபடி பிளக்கும்.

அமுங்கிய இடங்களுக்கு ஈரத்துணி வைத்து இஸ்திரிப் பெட்டியால் தொட்டால் மரம் எழும்பி வரும். கட்டங்கட்டமாகச் செதுக்கியிருக்கும் பிடிமானப் பகுதியைப் பல் தேய்க்கும் பிரஷ்ஷால் மட்டும் சுத்தம் செய்யுங்கள். ரிசீவருக்குப் பக்கத்தில் மரத்தில் சாண்ட்பேப்பர் போடவே வேண்டாம், மரம் இரும்பைவிடக் கொஞ்சம் உயரமாக நிற்க வேண்டும். தாழ்ந்துவிட்டால் திரும்ப ஏற்ற முடியாது.

உங்களுடையது 1950கள் என்பதால் கவலையில்லை. 1960களின் கடைசியிலும் 1970களின் தொடக்கத்திலும் வந்த சில பிரௌனிங் கட்டைகள் உப்பு போட்டு உலர்த்திய வால்நட் மரத்தில் செய்தவை. மரத்தைத் தொடும் இரும்பெல்லாம் உள்ளேயிருந்து அரித்துக்கொண்டே போகும். அந்தக் காலத்துத் துப்பாக்கியைத் தேடுபவர்கள் கட்டையின் அடித்தகட்டைக் கழற்றித் திருகுகளில் துரு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு விலை பேசுங்கள்.

---

ஏரிக்கரை எழுதியது:

வளையங்களை மாற்றி வைத்துவிட்டேன். பெரிய ஸ்பிரிங் புதியதைவிடத் தெளிவாகக் குட்டை, மாற்றப் போகிறேன். குழலைக் கொதிக்க வைத்ததில் புள்ளிகள் கறுத்துவிட்டன, கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் தெரியவே இல்லை. இப்போது மாட்டிக்கொண்டிருப்பது திருகுகளில். பெரிய திருகு எதுவும் அசையவில்லை, பக்கத்திலேயே குட்டியாக ஒரு திருகும் இருக்கிறது.

---

பட்டறை எழுதியது:

அந்தக் குட்டித் திருகுதான் பூட்டு. பெரியது தானாகச் சுழன்று கழன்றுவிடாமல் இருக்க அதன் ஓரத்தைப் பிடித்திருக்கிறது. முதலில் அதை எடுங்கள், பிறகு பெரியது. மாற்றிச் செய்தால் இரண்டின் தலையும் கெடும். எது எங்கிருந்து வந்தது என்று அட்டையில் துளை போட்டு அதே இடத்தில் சொருகி வையுங்கள்.

வீட்டிலிருக்கும் சாதாரண ஸ்க்ரூ டிரைவர் முனை ஆப்பு போல சரிவாக இருக்கும், இந்தத் திருகுகளின் காடி குறுகல், பக்கம் நேர். முனை மேலே வழுக்கிக் காடியைச் சிதைத்துவிடும். துப்பாக்கி வேலைக்கென்று இணைப்பக்கமாகக் கடைந்த முனைகள் விற்கிறார்கள், காடியின் அகலத்துக்கும் தடிப்புக்கும் சரியாகப் பொருந்துவதை எடுங்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கள். அப்பவும் வரவில்லையென்றால் நிறுத்திவிட்டு வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோங்கள்.

பின்கட்டைக்குள் இருக்கும் ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கிறது, அதன் முனையைப் பிடித்திருக்கும் பின்னைத் தட்டும்போது கண்ணாடி போட்டுக்கொண்டு, முனையைக் கையால் அடக்கிக்கொண்டு செய்யுங்கள்.

---

கோவைக்காற்று எழுதியது:

இங்கே எங்கள் தாத்தா காலத்து இரட்டைக் குழல் ஒன்று லைசென்ஸோடு இருக்கிறது. இதே மாதிரி வீட்டில் பிரித்துச் செய்யலாமா?

---

பழங்கணக்கு எழுதியது:

துடைத்து எண்ணெய் போடுவதோடு நிறுத்துங்கள். இந்தியாவில் ஆயுதச் சட்டம், 1959, பழுதுபார்க்கும் தொழிலுக்கே தனி உரிமம் கேட்கிறது. லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையில் கொடுத்து ரசீதோடு செய்துகொள்வதுதான் சரி. இங்கே பேசுவது அமெரிக்க நிலைமைக்கு.

---

குளிர்காலம் எழுதியது:

ஏரிக்கரை, கொதிக்க வைத்த படத்தைப் பார்த்தேன், நன்றாக வந்திருக்கிறது, குழலுக்கு என் கருத்தை மாற்றிக்கொள்கிறேன். ரிசீவருக்கு மாற்றவில்லை. ஒன்று மட்டும்: வாத்துக்கு அங்கே 1991 முதல் ஈய ரவை தடை. எஃகு ரவையை இந்தப் பழைய பெல்ஜியக் குழலில் போடாதீர்கள், பிரௌனிங்கே வேண்டாம் என்கிறது. சோக் இருக்கும் இடத்தில் குழல் உப்பிவிடும். பிஸ்மத் ரவை வாங்குங்கள், விலை அதிகம்தான்.

---

பழங்கணக்கு எழுதியது:

அதோடு அறையின் நீளமும். போருக்கு முந்தைய 16 கேஜ் ஆட்டோ-5 பலவற்றில் அறை 65 மில்லிமீட்டர், இன்றைய தோட்டா 70. தோட்டா உள்ளே போய்விடும், சுட்டால் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இவருடையது 12, பெரும்பாலும் பிரச்சினை இருக்காது, இருந்தாலும் குழலில் பொறித்திருப்பதைப் படித்து, அறையை அளந்து பார்க்கச் சொல்லுங்கள். மாடல் 11 வைத்திருப்பவர்கள் குழலின் இடப்பக்கம் இருக்கும் எழுத்துகளைப் பாருங்கள், 1921 முதல் மாதமும் வருடமும் எழுத்துக் குறியாகப் பொறித்திருப்பார்கள். ஜனவரிக்கு பி, பிப்ரவரிக்கு எல், மார்ச்சுக்கு ஏ.

---

பட்டறை எழுதியது:

பூட்டிய பிறகு செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதலில் குழலின் முனையைத் தரையில் ஊன்றி அழுத்திப் பாருங்கள், பின்னால் போய் வழவழவென்று திரும்ப வேண்டும், எங்கேயும் உரசக் கூடாது. டம்மி தோட்டா போட்டு ஏற்றி இறக்கிப் பாருங்கள். பாதுகாப்புப் பொத்தான் போட்டபடி விசையை அழுத்தி விட்டுவிடுங்கள், பிறகு பொத்தானை விலக்குங்கள், அப்போது உள்ளே சுத்தியல் விழக் கூடாது. இதெல்லாம் சரியாக இருந்தாலும், நிஜத் தோட்டாவுக்கு முன் ஒரு துப்பாக்கி மெக்கானிக்கிடம் காட்டி போல்ட் பூட்டும் இடைவெளியையும் குழலில் உப்பல், நசுங்கல் இருக்கிறதா என்பதையும் அளந்து வாங்குங்கள். வீட்டில் கண்ணால் தீர்மானிக்கிற விஷயம் அது இல்லை.

சுடும் மைதானத்தில் முதலில் ஒரே ஒரு தோட்டா. பிறகு இரண்டு மட்டும். விசையை ஒரு தடவை இழுத்ததற்கு இரண்டும் வெடித்தால் அங்கேயே நிறுத்துங்கள், விசையின் கொக்கி தேய்ந்திருக்கலாம், அதை நீங்களாக அரம் போட்டுச் சரிசெய்யவே கூடாது. காலித் தோட்டா பல அடி தூரம் பறந்தால் வளையம் இன்னும் இறுக்கம் கேட்கிறது. காலடியில் விழுந்தால் அதிகமாக இறுக்கியிருக்கிறது.

---

ஏரிக்கரை எழுதியது:

ஸ்பிரிங் வந்துவிட்டது. பின்கட்டைக் குழாயில் இருந்தது எண்ணெய் இல்லை, தார். துடைத்ததும் போல்ட் ஒரே பாய்ச்சலில் மூடுகிறது. முன்கட்டை ரப்பர் பட்டையோடு காய்கிறது. ரிசீவரைத் துடைத்து எண்ணெய் போட்டதோடு விட்டுவிட்டேன், முத்திரைகளும் எழுத்துகளும் நன்றாகத் தெரிகின்றன, அப்படியே இருக்கட்டும். மெக்கானிக் சனிக்கிழமை கொண்டுவரச் சொல்லியிருக்கிறார். அவர் அளந்த பிறகு இங்கே எழுதுகிறேன்.